எதிராளி 1 நோட்ரம்ப் சொன்னதும் நம் ஏலம் பழுதாகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

காரைக்குடியில் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு வளவுத் தாழ்வாரத்தில் மூன்று மேசை பிரிட்ஜ் நடக்கும். இருவர் ஒரு ஜோடியாக நாலு பேர் ஆடும் சீட்டாட்டம் அது; எத்தனை டிரிக் (ஒரு சுற்றில் இறங்கும் நாலு சீட்டு) பிடிப்போம் என்று முதலில் ஏலம் பேசிவிட்டு ஆடுவது. விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்துவிட்டால் நாலாவது மேசையை முகப்பில் போடுவோம். ஆட்டம் முடிந்து வெள்ளைப் பணியாரமும் காபியும் வருகிற நேரத்தில் என்னிடம் வழக்குகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குபவை: எதிராளி 1 நோட்ரம்ப் (துருப்பு இல்லாமல் ஏழு டிரிக்) என்று ஏலத்தைத் திறந்தார், நாங்கள் குழம்பிவிட்டோம். கூடவே ஒரு கேள்வியும் வரும். "வேற கன்வென்ஷனுக்கு மாறிடலாமாண்ணே?"

கன்வென்ஷன் என்பது ஓர் அழைப்புக்கு ஜோடி முன்கூட்டியே பேசிவைத்த தனிப்பொருள். அதை மாற்ற வேண்டிய நிலை அபூர்வமாகத்தான் வருகிறது. இருக்கிற கன்வென்ஷனில் இருவரும் பேசி முடிக்காத ஓர் இடம் இருக்கும், பழுது அங்கேதான். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். கன்வென்ஷனையே மாற்றுவது கடைசி. மாற்றினால் இருவர் கையிலும் அது பழகச் சில மாதங்கள் ஆகும், அந்த மாதங்களில் தோற்பதும் சேர்ந்த செலவு அது.

எதையும் சோதிக்கும் முன் ஒரு கேள்வி. எதிராளியின் 1 நோட்ரம்ப் எத்தனை பாயின்ட் (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1)? எங்கள் வட்டத்தில் இரண்டு பழக்கமும் உண்டு. பினாங்கிலும் கொழும்பிலும் இருந்துவிட்டு ஊர் திரும்பிய பெரியவர்களிடம் கற்றவர்கள் ஆங்கிலேயரின் ஆகோல் முறைப்படி 12 முதல் 14 வரை வைத்துத் திறப்பார்கள். அது வீக் நோட்ரம்ப். பிரிட்ஜ் பேஸ் ஆன்லைனில் பழகிய இளையவர்கள் 15 முதல் 17 வரை, அது ஸ்ட்ராங். மேசையில் உட்கார்ந்ததும் கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமல் ஆடுகிறவருக்குக் கீழே உள்ள எதுவும் உதவாது.

அறிகுறி 1: நான் சொன்ன 2 கிளாவரை நிஜக் கிளாவர் என்று எண்ணிப் பார்ட்னர் பாஸ் சொல்லிவிட்டார்

எங்கள் ஆச்சிக்கு (என் அக்கா) இது நடந்தது. இஸ்பேடும் ஆர்ட்டினும் ஐந்தைந்து. கிளாவரில் ஒற்றைச் சீட்டு. லேண்டி கன்வென்ஷன்படி 2 கிளாவர் சொன்னார். அதன் பொருள் 'இரண்டு மேஜரும் என்னிடம் இருக்கின்றன'. (இஸ்பேடும் ஆர்ட்டினும் மேஜர், டைமண்டும் கிளாவரும் மைனர்.) எதிரே உட்கார்ந்திருந்த மச்சான் பாஸ். அவர் கையில் கிளாவர் மூன்று. ஒற்றைக்கு மூன்று என்று நாலே துருப்பு சேர்ந்தால் என்ன நடக்கும் என்று எழுத வேண்டியதில்லை. "பலமான நோட்ரம்ப்புக்கு மட்டும்தானே லேண்டி பேசினோம், ஆச்சி? அவங்க 12-14 இல்லையா?" என்று மச்சான் கேட்டார். ஆச்சிக்குக் கோபம் வந்தாலும், அவர் கேட்டது நியாயம். அதை இருவரும் பேசியதே இல்லை.

முதலில் மறதியா என்று பாருங்கள். மறதி என்றால் ஆட்டம் தொடங்குமுன் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டால் சரியாகிவிடும்.

மறதி இல்லை என்றால், எந்தெந்தச் சூழலில் கன்வென்ஷன் நடப்பில் இருக்கிறது என்று தீர்மானிக்காததே காரணம். இருவரும் தனித்தனித் தாளில், கலந்து பேசாமல், இந்த நாலு கேள்விக்கும் விடை எழுதுங்கள்:

- வீக், ஸ்ட்ராங் இரண்டுக்கும் ஒரே கன்வென்ஷனா?
- திறந்தவருக்கு அடுத்த ஆள், இரண்டு பாஸுக்குப் பிறகு பேசும் நாலாவது ஆள், இருவருக்கும் ஒரே பொருளா?
- நான் முன்பே பாஸ் சொல்லியிருந்தால் என் டபுளுக்கு (எதிராளி ஏலம் ஜெயித்தாலும் தோற்றாலும் கணக்கை ஏற்றும் அழைப்பு) என்ன பொருள்?
- நம் பக்கம் ஒரு சூட்டில் (சீட்டினத்தில்) திறந்து, எதிராளி 1 நோட்ரம்ப்பை ஓவர்காலாக (நம் ஏலத்துக்கு மேல்) சொன்னால் இது செல்லுமா?

தாள்களை மாற்றிப் படியுங்கள். ஒரு விடை ஒத்துப்போகவில்லை என்றாலும் பழுது அங்கே இருக்கிறது. நாலும் ஒத்துப்போகிற ஜோடியை முதல் சோதனையில் நான் இதுவரை பார்த்ததில்லை.

இத்தனைக்குப் பிறகும் மறந்துகொண்டே இருந்தால்தான் கன்வென்ஷனைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போது சிறியதற்கு இறங்குங்கள். லேண்டியில் 2 கிளாவர் ஒன்றுக்குத்தான் புதுப்பொருள். மற்ற எல்லாம் சொன்னதே பொருள். மாதம் ஒருமுறை ஆடுகிற ஜோடிக்கு அதற்குமேல் சுமை வேண்டாம்.

அறிகுறி 2: துணிந்து பேசினால் டபுள் போட்டுத் தண்டிக்கிறார்கள்

இழப்பு 300, 500 என்று போகிறதா? அந்தக் கையை அப்படியே எழுதிவையுங்கள். பாயின்ட் எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சீட்டு எப்படிப் பரவியிருக்கிறது என்று பாருங்கள்.

*எளிய காரணம்: கை தட்டையாக இருந்தது.* இந்தக் கையைப் பாருங்கள்.

இஸ்பேட்: ராஜா, ஜாக்கி, 8, 5, 3
ஆர்ட்டின்: ராணி, 7, 4
டைமண்ட்: ஏஸ், ஜாக்கி, 6
கிளாவர்: ராணி, 4

13 பாயின்ட். ஐந்து இஸ்பேட். பலர் 2 இஸ்பேட் என்று பேசிவிடுவார்கள். இப்போது இன்னொன்று.

இஸ்பேட்: ராஜா, ராணி, 10, 7, 4
ஆர்ட்டின்: ஏஸ், ஜாக்கி, 9, 6, 3
டைமண்ட்: 8, 2
கிளாவர்: 5

10 பாயின்ட்தான். ஆனால் நான் பேசுவது இரண்டாவது கையோடு. முதல் கையோடு பாஸ்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மெல் கோல்சமிரோ என்ற அமெரிக்க ஆட்டக்காரர் பரப்பியது, எட்டு விதி என்பார்கள். மிக நீளமான இரண்டு சூட்டுகளின் சீட்டுகளைக் கூட்டுங்கள். அதிலிருந்து தோற்கும் சீட்டுகளைக் கழியுங்கள். ஒவ்வொரு சூட்டிலும் முதல் மூன்று சீட்டுகளைப் பார்த்து, ஏஸ், ராஜா, ராணியில் எது இல்லையோ அது ஒரு தோல்வி. இரண்டே சீட்டு என்றால் அதிகபட்சம் இரண்டு, ஒற்றைக்கு ஒன்று. கழித்தது 2 அல்லது மேல், கையில் குறைந்தது 6 பாயின்ட் என்றால் பேசலாம்.

முதல் கை: 5, 3 சேர்த்து 8. தோல்வி சூட்டுக்கு இரண்டாக 8. மிச்சம் பூஜ்யம். இரண்டாவது: 5, 5 சேர்த்து 10. தோல்வி இஸ்பேடில் 1, ஆர்ட்டினில் 2, டைமண்டில் 2, கிளாவரில் 1, ஆக 6. மிச்சம் 4. அந்த 13 பாயின்ட் கை ஆட்டத்தில் பிடிக்கும் டிரிக்கை 1 நோட்ரம்ப்புக்கு எதிராகத் தடுத்து ஆடும்போதும் பிடித்துவிடும். பிறகு எதற்காக இரண்டாம் மட்டத்துக்கு (எட்டு டிரிக்குக்கு) ஏற வேண்டும்?

*அடுத்த காரணம்: வல்னரபிளா (தோற்றால் அபராதம் கூடும் நிலையா) என்று பார்க்காதது.* ஒரே சீட்டுகளை எல்லா மேசையும் ஆடி ஒப்பிடும் ஜோடிப் போட்டியில் 200 இழப்பது மிக மோசமான எண். எதிராளி 1 நோட்ரம்ப் ஆடி ஜெயித்தால் 90, ஒரு டிரிக் கூட வந்தால் 120. நாம் வல்னரபிளாக இருந்து டபுள் இல்லாமல் இரண்டு குறைந்தாலோ, டபுளோடு ஒன்று குறைந்தாலோ 200. அந்த போர்டில் (ஒருமுறை பங்கிட்ட சீட்டில்) மற்ற மேசைகள் எல்லாமே நம்மை முந்திவிடும். வல்னரபிள் இல்லாதபோது டபுள் இல்லாமல் ஒன்று குறைந்தால் 50தான். அதை வெற்றிபோலக் கொண்டாடலாம்.

*மூன்றாவது: அழைத்தவர் பேரில் தவறே இல்லை, பார்ட்னர் காப்பாற்ற ஓடினார்.* இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். 2 ஆர்ட்டின், 'ஆர்ட்டினும் ஒரு மைனரும்' என்ற பொருளில் சொல்லியாயிற்று. பார்ட்னரிடம் ஆர்ட்டின் இரண்டு. 'ஐயோ, போதாதே' என்று 2 நோட்ரம்ப் சொல்லி மைனரைக் கேட்கிறார். ஏலம் மூன்றாம் மட்டத்துக்குப் போகிறது. அங்கே கிடைக்கும் மைனருக்கும் அவரிடம் மூன்று சீட்டுதான். டபுள். ஐந்துக்கு இரண்டு என்று ஏழு துருப்பு இருந்தால் இரண்டாம் மட்டத்தில் பேசாமல் உட்காருவது பெரும்பாலும் மலிவு. எதிராளி டபுள் போடும் வரை காத்திருங்கள். அதற்கு முன் ஓடாதீர்கள்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் அடி விழுந்தால் அன்றைய சீட்டு அப்படி. விட்டுவிடுங்கள்.

அறிகுறி 3: அடி விழுவதில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் 90 கொடுத்துவிட்டு எழுகிறோம்

இந்த ஜோடிகள் என்னிடம் வருவதில்லை. அவர்களுக்கு நோய் தெரியாது. சண்டை இல்லை, பெரிய இழப்பு இல்லை, ஆனால் சாயங்கால முடிவில் கடைசியில் இருப்பார்கள். கடைக்குப் பேரேடு எழுதுவதுபோல ஒரு நோட்டில் எதிராளி 1 நோட்ரம்ப் ஆடிய போர்டுகளை மட்டும் பற்றும் வரவுமாக நாலு வாரம் எழுதச் சொல்வேன். ஒவ்வொன்றிலும் நம் இருவர் கையிலும் எட்டுச் சீட்டு மேஜர் சேர்ந்திருந்ததா என்று ஒரு குறி. குறிகளைப் பார்த்ததும் அவர்களுக்கே புரிந்துவிடும்.

பொதுவான காரணம் நாலாவது இடத்துப் பயம். 1 நோட்ரம்ப், பாஸ், பாஸ் என்று உங்களிடம் வருகிறது. உங்களிடம் 8 பாயின்ட், ஐந்து இஸ்பேட், நாலு ஆர்ட்டின். 'என்னிடம் ஓப்பன் பலம் இல்லையே' என்று பாஸ் சொல்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சீட்டில் மொத்தம் 40 பாயின்ட். திறந்தவரிடம் சுமார் 16. அவர் பார்ட்னர் மேலே போகாமல் நிறுத்திவிட்டார் என்றால் அவரிடம் பெரும்பாலும் 7க்கு மேல் இல்லை. மிச்சம் 17 அல்லது கூடுதல் நம் பக்கம். உங்களிடம் 8 என்றால் பார்ட்னரிடம் 9 ஆவது இருக்க வேண்டும். அவர் ஏன் பேசவில்லை? கை தட்டையாக இருந்திருக்கும். அவர் பாயின்ட் வைத்திருக்கிறார், நீங்கள் நீளம் வைத்திருக்கிறீர்கள். பேச வேண்டியவர் நீங்கள்.

வீக் நோட்ரம்ப்பிலும் கணக்கு கிட்டத்தட்ட இதேதான்: திறந்தவரிடம் 13, பாஸ் சொன்னவரிடம் அதிகபட்சம் 10, 11.

அடுத்த காரணம், அழைத்தவரைப் பார்ட்னர் தண்டிப்பது. நாலாவது இடத்துக்காரர் 8 பாயின்ட்டில் ஏலத்தை விடாமல் பேசினால், எதிரே 11 வைத்திருப்பவர் கேமுக்கு (போனஸ் தரும் உயர்ந்த ஏலத்துக்கு) தள்ளிவிடுகிறார். அடுத்த வாரம் அவர் வாயைத் திறக்க மாட்டார். நாலாவது இடத்தில் பேசுகிறவர் உங்கள் பாயின்ட்டையும் எண்ணித்தான் பேசியிருக்கிறார். அதை மறுபடி எண்ணாதீர்கள்.

அறிகுறி 4: என்னிடம் 16, 17 பாயின்ட். ஆனாலும் சொல்ல வழியில்லை

கன்வென்ஷனே தவறாக இருக்கக்கூடிய முக்கியமான இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சோதனை ஒன்றே: நம் டபுளுக்கு என்ன பொருள்?

'ஏதோ ஒரு நீள சூட்' என்றால் நீங்கள் டோன்ட் ஆடுகிறீர்கள். மார்ட்டி பெர்கன் உருவாக்கியது. அதில் டபுள் என்றால் ஒற்றை சூட். 2 கிளாவர் என்றால் கிளாவரும் அதற்கு மேலுள்ள ஏதோ ஒன்றும். 2 டைமண்ட் என்றால் டைமண்டும் ஒரு மேஜரும். 2 ஆர்ட்டின் என்றால் இரண்டு மேஜரும். 2 இஸ்பேட் இஸ்பேடேதான். எதிராளியின் ஏலத்தைக் கலைப்பதற்காகவே பிறந்த கன்வென்ஷன். ஸ்ட்ராங் நோட்ரம்ப்புக்கு எதிராக எனக்கு மிகவும் பிடித்தது. திறந்தவரிடம் 15 முதல் 17 வரை இருக்கும்போது அவரைத் தண்டிக்கும் அளவுக்கு நமக்கு வருவது அபூர்வம். டபுளை வேறு வேலைக்குக் கொடுத்துவிடலாம்.

அதையே 12-14க்கு எதிராக ஆடினால் கதவு சாத்திவிடுகிறது. நம்மிடம் 16, பார்ட்னரிடம் 10 என்றால் கேம் நம்முடையது. அதைச் சொல்ல அழைப்பே இல்லை. எதிராளியைத் தண்டிக்கவும் வழியில்லை. வல்னரபிள் எதிராளி 1 நோட்ரம்ப் டபுளில் இரண்டு குறைந்தால் 500, வல்னரபிள் இல்லாவிட்டாலும் 300. அது கையை விட்டுப் போகிறது.

ஆகவே வீக் நோட்ரம்ப்புக்கு டபுள் தண்டனை டபுளாகவே இருக்கட்டும். 15 அல்லது கூடுதல், முதலில் இறக்க ஒரு நல்ல சூட். பார்ட்னரிடம் 5, 6 பாயின்ட் இருந்தால் அவர் அசையாமல் இருக்க வேண்டும். பாதியோ அதற்கு மேலோ பலம் நம் பக்கம். ஒன்றுமே இல்லாமல் ஐந்து சீட்டு சூட் மட்டும் இருந்தால் அதற்கு ஓடலாம். தண்டனை தவறி, எதிராளி ஆடி ஜெயித்தால் 180 கொடுக்கிறோம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் 500 வருகிற நாட்களை நோட்டில் எழுதினால் கணக்கு நம் பக்கம் சாயும். எதிராளி டபுளுக்குப் பயந்து 2 கிளாவருக்கோ 2 டைமண்டுக்கோ ஓடினால் நம் அடுத்த டபுள் என்ன பொருள் என்பதையும் இப்போதே பேசுங்கள். தண்டனைதான் என்று வைத்துக்கொள்வது எளிது.

மேஜர்களைக் காட்ட எது? வீக் நோட்ரம்ப்புக்கு எதிராக டபுளை விட்டுக்கொடுக்காதவற்றில் மூன்று போதும்.

லேண்டி: ஏற்கெனவே சொன்னது.

மல்டி லேண்டி: 2 கிளாவர் இரண்டு மேஜரும். 2 டைமண்ட் ஏதோ ஒரு மேஜர் நீளமாக. 2 ஆர்ட்டினும் 2 இஸ்பேடும் அந்த மேஜரோடு ஒரு மைனர்.

கேப்பலெட்டி, சிலர் ஹாமில்டன் என்பார்கள்: 2 கிளாவர் ஏதோ ஒற்றை சூட், 2 டைமண்ட் இரண்டு மேஜரும், 2 ஆர்ட்டினும் 2 இஸ்பேடும் அந்த மேஜரோடு ஒரு மைனர்.

வாரந்தோறும் ஆடும் ஜோடிக்கு என் தேர்வு மல்டி லேண்டி. கேப்பலெட்டியை நான் ஏன் தள்ளி வைக்கிறேன் என்பது அடுத்த அறிகுறியில் வரும்.

அறிகுறி 5: இரண்டு மேஜரும் காட்டினேன், பார்ட்னர் குட்டையான மேஜரைத் தேர்ந்தெடுத்தார்

உங்களிடம் ஐந்து இஸ்பேட், நாலு ஆர்ட்டின். பார்ட்னரிடம் மூன்றும் மூன்றும். அவர் ஆர்ட்டினைத் தேர்ந்தெடுத்தால் ஏழு துருப்பு, இஸ்பேடை எடுத்தால் எட்டு. அவர் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

லேண்டியோ மல்டி லேண்டியோ ஆடுகிறவர்களுக்கு மருந்து இலவசம். 2 கிளாவருக்கு மறுமொழியாகப் பார்ட்னர் 2 டைமண்ட் சொன்னால் 'இரண்டு மேஜரும் எனக்குச் சமம், உன் நீளத்தைச் சொல்' என்று பொருள் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். எங்கள் ஆச்சியும் மச்சானும் இதை ஒரே வாரத்தில் பழகிவிட்டார்கள்.

கேப்பலெட்டியில் இரண்டு மேஜரையும் காட்டுவது 2 டைமண்ட். அதற்குமேல் கேட்க இடமில்லை. டோன்ட்டிலும் 2 ஆர்ட்டினுக்கு மேல் இடமில்லை. மேஜர்கள்தான் நாம் அதிகம் ஜெயிக்கும் இடம். அங்கே ஒரு படி குறைவது எனக்கு ஒப்பவில்லை. இந்த அறிகுறி திரும்பத் திரும்ப வந்தால், வேறு மருந்து இல்லை, மாறத்தான் வேண்டும்.

அறிகுறி 6: நம் 2 கிளாவருக்கு எதிராளி டபுள் சொன்னதும் இருவரும் திகைத்துப்போகிறோம்

சின்னப் பழுது. பார்ட்னரின் பாஸ் என்றால் 'கிளாவர் எனக்குச் சம்மதம்', ரீடபுள் (டபுளை மறுபடி இரட்டிப்பது) என்றால் 'நீளமான மேஜரைச் சொல்', 2 டைமண்ட் என்றால் நிஜ டைமண்ட். வேறு மாதிரியும் வைக்கலாம். எதுவானாலும் எழுதிவையுங்கள்.

அறிகுறி 7: "உங்க பார்ட்னர் சொன்னது ஒண்ணு, உங்க கையில இருக்கிறது வேற" என்று எதிராளி புகார் சொல்கிறார்

வீட்டில் என்றால் மன்னிப்புக் கேட்டு அடுத்த போர்டுக்குப் போகலாம். போட்டியில் என்றால் சமாதானம் பேசாதீர்கள், டைரக்டரை (போட்டி நடுவரை) கூப்பிடுங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை.

அவர் வருமுன் தெரிந்திருக்க வேண்டியது: பார்ட்னர் நம் ஒப்பந்தத்தைத் தவறாக விளக்கினால், அதைக் கேட்டு நம் ஏலத்தை மாற்றிக்கொள்ளக் கூடாது; கேட்காததுபோலவே தொடர வேண்டும். முகத்திலும் காட்டக் கூடாது. ஏலம் நம் கையில் முடிந்தால், அதாவது நாம் ஆடும் பக்கம் என்றால், கடைசிப் பாஸுக்குப் பிறகு, முதல் சீட்டு இறங்கும் முன், டைரக்டரைக் கூப்பிட்டு 'விளக்கம் தவறு' என்று நாமே சொல்ல வேண்டும். நாம் தடுக்கும் பக்கம் என்றால் ஆட்டம் முடிந்த பிறகுதான். நடுவில் சொன்னால் பார்ட்னருக்குத் தகவல் போய்விடும். விளக்கம் சரி, கைதான் ஒப்பந்தத்துக்கு மாறாகப் பேசிவிட்டது என்றால் திருத்தும் கடமை இல்லை. எது எது என்று நிரூபிக்க எழுதிவைத்த கன்வென்ஷன் கார்டு கேட்பார்கள். அறிகுறி 1இன் அந்த நாலு விடைகளைக் கார்டில் ஏற்றியிருந்தால் இங்கே காப்பாற்றும்.

எப்போது தேர்ந்தவரிடம் போவது

நோட்டில் எழுதி, பேசித் திருத்தி, அதன்பிறகும் ஒரே அறிகுறி மூன்று வாரம் தொடர்ந்தால் வெளியாளின் கண் வேண்டும். 'எந்தக் கன்வென்ஷன் நல்லது?' என்று கேட்டு ஆசிரியரிடம் போகாதீர்கள். அவருக்குப் பிடித்ததைச் சொல்லுவார், நீங்கள் முதலிலிருந்து தொடங்குவீர்கள். பழுதான இருபது போர்டுகளை நாலு கையும் ஏலமும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். இணையத்தில் ஆடியவை பதிவிலேயே இருக்கும். வீட்டில் ஆடியதை அன்றே, சீட்டைக் கலைக்கும் முன் எழுதிக்கொள்ள வேண்டும். இருவரும் சேர்ந்தே போங்கள். ஒருவர் மட்டும் போய்க் கற்று வந்தால் அறிகுறி 1 அடுத்த சனிக்கிழமையே திரும்பிவிடும்.